கோச் பேச்சும் பையன் வாக்கும்: காலேஜ் ஃபுட்பால் ரெக்ரூட்டிங் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கோம். பையன் ஹைஸ்கூல்ல நாலு வருஷமும் ஃபுட்பால் ஆடினான், அதனால கோவில் பார்க்கிங்ல, பர்த்டே பார்ட்டில, பொங்கல் விழா சாப்பாட்டு க்யூல யாராச்சும் ஒருத்தர் புடிச்சுக்கிட்டு "அக்கா, எங்க பையனுக்கும் ஒரு காலேஜ்லேர்ந்து மெசேஜ் வந்துருக்கு, என்ன பண்றது"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஆதியிலேர்ந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். ஒருதடவை சூடு பட்ட அம்மா எழுதுறதுன்னு நெனச்சு படிங்க. ஃபுட்பால்னு நான் சொல்றது ஹெல்மெட் போட்டு முட்டிக்கற அமெரிக்கன் ஃபுட்பால், ஊர்ல இருக்கற தாத்தா பாட்டிக்கு இதை ஃபார்வர்ட் பண்ணா அதையும் சேத்து சொல்லிடுங்க.

ஸ்கூல் பையனைத் தேடி காலேஜ் ஏன் இவ்ளோ தூரம் வருது?

ஏன்னா வேற வழியே கிடையாது. நம்ம கிரிக்கெட் மாதிரி கிளப்ல ஆடி, டிவிஷன் லீக் ஆடி, ஸ்டேட் டீமுக்கு போற ஏணி இந்த ஆட்டத்துல இல்ல. ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகாம என்.எஃப்.எல்., அதாவது சம்பளத்துக்கு ஆடற பெரிய லீக், யாரையும் எடுக்காது, அந்த மூணு வருஷம் காலேஜ்லதான் போகணும். நாடு முழுக்க ஹைஸ்கூல்ல சுமார் 10 லட்சம் பசங்க ஆடறாங்க. அதுல நூத்துக்கு ஏழு பேர் போலதான் ஏதோ ஒரு காலேஜ் டீம்ல ஆட போறாங்க, டிவிஷன் 1னு சொல்ற பெரிய காலேஜுங்கன்னா நூத்துக்கு மூணு பேருக்கும் கீழ. டிவில நாம பாக்கற டீம் எல்லாம் அந்த மூணுக்குள்ளயும் மேல் தட்டு.

"ஆஃபர் வந்துருச்சு"ன்னா சீட் கெடச்ச மாதிரிதானே?

இல்லவே இல்ல. இந்த ஒரு வார்த்தையிலதான் பாதி குடும்பம் ஏமாறுது. நமக்கு ஆஃபர் லெட்டர்னா கம்பெனி சீல் போட்டு சம்பளம் எழுதி வர்றது. இங்க பத்தாவது படிக்கற பையன்கிட்ட கோச் "வீ ஆர் ஆஃபரிங் யூ"ன்னு சொன்னா அது வெறும் வாய்ப்பேச்சு. பையன் அன்னைக்கே படத்தை போட்டு "கடவுள் அருளால்..."னு ட்விட்டர்ல எழுதிடுவான், சொந்தக்காரங்க எல்லாம் வாழ்த்து சொல்லிடுவாங்க, ஆனா அதே வாரம் அதே இடத்துக்கு அந்த கோச் இன்னும் எட்டு பேர்கிட்ட அதையே சொல்லிருப்பார். வருஷத்துக்கு இருபது இருபத்தஞ்சு பேரை எடுக்கற காலேஜ் நூத்துக்கணக்குல ஆஃபர் சொல்லும்.

காலேஜ் ஆட்டங்களுக்கு விதி போடற சங்கம் என்.சி.ஏ.ஏ., அவங்க விதிப்படி எழுத்துல ஆஃபர் தரவே பன்னெண்டாவது ஆரம்பிக்கற ஆகஸ்ட் 1 வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கு முன்னாடி யார் என்ன சொன்னாலும் காத்தோட போச்சு. பையன் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "கோச், நான் இப்பவே, இந்த ஃபோன்லயே சரின்னு சொன்னா என்னை எடுத்துப்பீங்களா?" இதைக் கேட்டதும் பாதி பேர் தொண்டையைக் கனைப்பாங்க, "உன் சீனியர் சீசன் டேப் பாத்துட்டு சொல்றோம்"பாங்க. அப்ப அது ஆஃபர் இல்ல, காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி. கூட கெடையாது.

கமிட் பண்ணிட்டா அப்புறம் பிரச்சனை இல்லல்ல?

கமிட்னா இந்த காலேஜுக்குத்தான் வருவேன்னு பையன் வாக்கு கொடுக்கறது. வாயால பண்ற கமிட் ரெண்டு பக்கத்தையும் கட்டாது, விதியிலேயே அப்படித்தான். ஆனா நடைமுறையில பாத்தீங்கன்னா ஒரு பக்கம்தான் கட்டுப்பட்டு நிக்குது.

2010ல லேன் கிஃபின்னு யு.எஸ்.சி. காலேஜ் கோச், ஏழாவது படிச்சிட்டு இருந்த 13 வயசு பையனுக்கு ஆஃபர் கொடுத்தார். டேவிட் சில்ஸ்னு பேரு, அவனும் சரின்னுட்டான், நாடே பேசிச்சு. 2013ல சீசன் நடுவுல கிஃபினை வேலையை விட்டு தூக்கிட்டாங்க, அடுத்து வந்தவங்களுக்கு இவன் தேவைப்படல, கடைசில வெஸ்ட் வர்ஜீனியா போய் பந்தை எறியற குவார்ட்டர்பேக் ஆகற கனவை விட்டுட்டு, அதைப் புடிக்கற ரிசீவரா ஆடினான். நல்லாவே ஆடினான், அது வேற விஷயம். ஏழாவது படிக்கற புள்ள கொடுத்த வாக்கை அஞ்சு வருஷம் தூக்கிட்டு அலையணும், அதைக் கேட்டு வாங்கினவர் அங்க இருக்கவே மாட்டார்.

இன்னொண்ணு 2016ல மிச்சிகன்ல. ஜிம் ஹார்பா கோச்சா வர்றதுக்கு முன்னாடியே கமிட் பண்ணி ரெண்டு வருஷத்துக்கு மேல வேற யாரையும் ஏறெடுத்துப் பாக்காம இருந்த ஒரு இல்லினாய் பையன்கிட்ட, கையெழுத்து போடற நாளுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப உனக்கு இடமில்லைனு சொல்லிட்டாங்க. மத்த காலேஜ் எல்லாம் அதுக்குள்ள கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும். அவன் திறமைக்கு ஓக்லஹோமா எடுத்துக்கிச்சு. எல்லாருக்கும் ஓக்லஹோமா வராது.

அப்ப என் பையன் மனசு மாறி வேற காலேஜ் போனா தப்பு இல்லையா? சொன்ன சொல் முக்கியம்ல?

இதைக் கேக்கறவங்க எல்லாரும் நல்ல அப்பாக்கள். வீட்டுல அப்படித்தான் வளத்துருக்கோம், சொன்னா சொன்னதுதான்னு. நானும் என் பையன்கிட்ட அதையேதான் சொன்னேன், அதுக்குத்தான் இப்ப வருத்தப்படறேன்.

கொஞ்சம் யோசிங்க. 2021 நவம்பர் கடைசில, ரெண்டு மூணு நாளைக்குள்ள, லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சி.க்கும், பிரையன் கெல்லி நோட்ரடேமை விட்டு எல்.எஸ்.யு.வுக்கும் போனாங்க. டிசம்பர்ல பசங்க கையெழுத்து போடறதுக்கு சில வாரம்தான் இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் எத்தனை வீட்டு சோஃபால உக்காந்து எத்தனை அம்மாகிட்ட "உங்க பையனை என் பையன் மாதிரி பாத்துக்கறேன்"னு சொல்லிருப்பாங்க? கோச் போனா அது கரியர், 17 வயசு பையன் போனா அது "டீகமிட்", "ஃப்ளிப்", "கேரக்டர் சரியில்ல". சில கோச் "எங்ககிட்ட கமிட் பண்ணிட்டு வேற காலேஜ் போய் பாத்தா உன் ஆஃபர் காலி"ன்னு நேரடியாவே சொல்லுவாங்க, ஆனா அவங்க மட்டும் அதே இடத்துக்கு வேற பையனை பாத்துக்கிட்டே இருப்பாங்க. கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ணிட்டு மாப்ள வீடு மட்டும் இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தா நாம சும்மா விடுவோமா?

அதனால என் பதில்: மரியாதையா ஃபோன் பண்ணி சொல்லிட்டு மாறலாம். ஒளிஞ்சு மறைஞ்சு பண்ண வேணாம், குற்ற உணர்ச்சியும் வேணாம்.

சைனிங் டேல கையெழுத்து போட்டாச்சுன்னா?

இது கொஞ்சம் மாறிடுச்சு, பழைய கட்டுரை படிச்சு குழம்பாதீங்க. 1964லேர்ந்து நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. அதுல பையன் கையெழுத்து போட்டா ஒரு வருஷம் அந்த காலேஜ்ல இருந்தே ஆகணும், மீறி போனா ஒரு வருஷம் வெளிய உக்காரணும், ஆடற சீசன்லயும் ஒண்ணு போயிடும். நீ கையெழுத்து போடறது காலேஜுக்கு, கோச்சுக்கு இல்லன்னு அந்த பேப்பர்லயே எழுதியிருக்கும். ரொம்ப புத்திசாலித்தனமா எழுதினது, யாருக்காக எழுதினதுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

2015 பிப்ரவரில ஒரே வாரத்துல நடந்த ரெண்டு கதை சொல்றேன். டெட்ராய்ட் பையன் மைக் வெபர், ஒஹாயோ ஸ்டேட்டுக்கு கையெழுத்து போட்டான். மறுநாள் அவனோட ரன்னிங்பேக் கோச் சிகாகோ பேர்ஸ்னு என்.எஃப்.எல். டீமுக்கு வேலைக்கு போறார்னு நியூஸ். பேப்பர் போயாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. ஜார்ஜியால ரோக்வான் ஸ்மித்னு இன்னொருத்தன், டிவில யு.சி.எல்.ஏ.ன்னு அறிவிச்சுட்டான், ஆனா பேப்பரை இன்னும் அனுப்பல. அவனை கூட்டிட்டு போன கோச் ஜெஃப் உல்பிரிக் அட்லாண்டா ஃபால்கன்ஸ்னு இன்னொரு என்.எஃப்.எல். டீமுக்கு போகப் போறார்னு அதுக்குள்ள காதுல விழுந்துச்சு. பையன் பேனாவை மூடி வெச்சுட்டான். கடைசில ஜார்ஜியா யுனிவர்சிட்டிக்கே போனான், அந்த லெட்டர் ஆஃப் இன்டென்ட் போடாமலே, ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்துல மட்டும் கையெழுத்து போட்டு. அந்த மாதிரி நிபந்தனை போட காலேஜுக்கு அவன் மேல ஆசை இருக்கணும், அது இருந்துச்சு. 2018ல என்.எஃப்.எல். டீமுங்க ஆள் எடுக்கற டிராஃப்ட்ல எட்டாவது ஆளா போனான்.

2024 அக்டோபர்ல அந்த லெட்டரையே எடுத்துட்டாங்க. இப்ப போடறது நேரா ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம், பணம் உண்டுன்னா அதுக்கு தனி ஒப்பந்தம். கையெழுத்து நாள் டிசம்பர் முதல் வாரத்துலயே வந்துடும், பழைய பிப்ரவரி நாள்ல மிச்சம் மீதிதான்.

ஸ்காலர்ஷிப் நாலு வருஷத்துக்கா?

கேட்டு எழுதி வாங்கினா உண்டு. 1973லேர்ந்து 2012 வரைக்கும் ஒவ்வொரு வருஷமா புதுப்பிக்கறதுதான் விதியே, ஜூலைல கோச் மனசு வெச்சாதான் அடுத்த வருஷம். 2012ல பல வருஷத்துக்கு தரலாம்னு அனுமதிச்சாங்க, "தரலாம்"தான், "தரணும்" இல்ல. 2015ல பெரிய அஞ்சு கான்ஃபரன்ஸ், அதாவது காலேஜுங்க சேந்து ஆடற கூட்டமைப்பு, ஒண்ணா சேந்து, ஆட்டம் சரியில்லன்னு சொல்லி ஸ்காலர்ஷிப்பை புடுங்கக் கூடாதுன்னு ஓட்டு போட்டாங்க. அது நல்ல விஷயம், நம்ம பையன் போற காலேஜுக்கு அது பொருந்துமான்னு கேளுங்க. அடிபட்டா வைத்தியச் செலவு யாரோடது, எத்தனை நாளைக்கு, இதையும் கேளுங்க. ரிக்ரூட்டிங் விசிட் போனப்ப லாக்கர் ரூம்ல கலர் கலரா லைட் காமிச்சாங்க, யூனிஃபார்ம் போட்டு ஃபோட்டோ எடுத்தாங்க, ஸ்டேக் போட்டாங்க. இந்த கேள்வியை நான் கேட்டதும் அந்த டேபிள்ல ஒரு நிமிஷம் யாரும் மெல்லல.

ரெட்ஷர்ட், கிரேஷர்ட், பி.டபிள்யூ.ஓ. இதெல்லாம் என்ன?

ரெட்ஷர்ட்னா டீம்ல இருப்பான், பிராக்டிஸ் பண்ணுவான், காலேஜ்ல அவன் ஆடலாம்னு இருக்கற சீசன் கணக்குல அந்த வருஷம் வராது. இதுல அநியாயம் ஒண்ணுமில்ல, நாலு மேட்ச் வரைக்கும் ஆடிக்கவும் செய்யலாம். கிரேஷர்ட்தான் வில்லங்கம்: "இப்ப இடம் இல்ல தம்பி, நீ ஜனவரில வந்து சேரு"ன்னு கடைசி நேரத்துல சொல்றது. கூடப் படிச்சவன் எல்லாம் ஆகஸ்ட்ல காலேஜ் போயிடுவான், இவன் வீட்ல உக்காந்துருப்பான்.

இதுக்கு மூலம் ஓவர்சைனிங், அதாவது இருக்கற இடத்தை விட அதிகமா ஆளை சேக்கறது. முன்னாடி ஒரு டீமுக்கு மொத்தம் 85 ஸ்காலர்ஷிப், வருஷத்துக்கு 25 புது ஆள். 2009ல ஓல் மிஸ்னு சொல்ற மிசிசிப்பி யுனிவர்சிட்டி கோச் ஹூஸ்டன் நட் 37 பேர்கிட்ட கையெழுத்து வாங்கினார். அதைப் பாத்துட்டுதான் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் 28னு வரம்பு போட்டு அப்புறம் 25ஆ கொறச்சுது. டிக்கெட்டை கூட வித்துட்டு ஏறினவங்கள்ல யாரை இறக்கலாம்னு பாக்கற ஆம்னி பஸ் மாதிரிதான்.

பி.டபிள்யூ.ஓ.ன்னா ப்ரிஃபர்ட் வாக்கான். டீம்ல இடம் உண்டு, காசு கிடையாது, ஃபீஸ் நாம கட்டணும். நம்ம ஆளுங்களுக்கு அதிகமா வர்றது இதுதான், என் பையனுக்கும் இதுதான் வந்துச்சு. கதையை கடைசில சொல்றேன்.

இப்ப டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கே, பசங்க இஷ்டத்துக்கு மாறிக்கலாமே, அது நல்லதுதானே?

காலேஜ்ல ஏற்கனவே இருக்கற பையனுக்கு ரொம்ப நல்லது. நம்ம வீட்ல பதினொண்ணாவது படிக்கற பையனுக்கு அதுவே பெரிய இடி, இதை யாரும் வெளிய சொல்றதில்ல.

2018 அக்டோபர்ல போர்ட்டல், அதாவது காலேஜ் மாற நெனக்கற பசங்க பேரை போடற ஆன்லைன் லிஸ்ட், வந்துச்சு. 2021ல ஒரு தடவை மாறினா ஒரு வருஷம் வெளிய உக்கார வேணாம்னாங்க, 2024ல கோர்ட் கேஸுக்கு அப்புறம் படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணா மாறலாம்னு ஆயிடுச்சு. எனக்கு அதுல ஆட்சேபணை கிடையாது, கோச் மாறலாம்னா பையனும் மாறணும். ஆனா கோச் இடத்துல உக்காந்து பாருங்க: அவருக்கு ரெண்டு வருஷத்துல ஜெயிக்கலன்னா வேலை போகும். ஒரு பக்கம் 17 வயசு, 185 பவுண்ட், இன்னும் ரெண்டு வருஷம் சோறு போட்டு வளக்கணும். இன்னொரு பக்கம் 22 வயசு, 230 பவுண்ட், வேற காலேஜ்ல முப்பது மேட்ச் ஆடினவன், நேரா களத்துல இறங்குவான். யாரை எடுப்பார்?

இதோட இன்னும் சிலது வந்து சேந்துச்சு. கோவிட்னால 2020 சீசன் கணக்குல வராதுன்னதால பழைய பசங்க ஒரு வருஷம் கூட தங்கிட்டாங்க. 2024 டிசம்பர்ல வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் டியகோ பவியா கேஸ்ல, ஜூனியர் காலேஜ்னு சொல்ற ரெண்டு வருஷ காலேஜ்ல ஆடின வருஷத்தைக் காட்டி அவரை தடுக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லுச்சு, உடனே அதே நெலமையில இருந்த மத்தவங்களுக்கும் என்.சி.ஏ.ஏ. ஒரு வருஷம் விலக்கு கொடுத்துச்சு. பவியாவுக்கு அது நியாயம்தான், தனித்தனியா எடுத்துப் பாத்தா எல்லாமே நியாயமாத்தான் இருக்கு. ஆனா பஸ்ல இருக்கறவங்க யாரும் இறங்கலன்னா ஸ்டாப்பிங்ல நிக்கறவனுக்கு எப்படி இடம் வரும்? இந்த கேஸ் எதுலயும் ஹைஸ்கூல் பையனுக்காக வக்கீல் நிக்கல, ஏன்னா அவன் இன்னும் எந்த காலேஜோட ஆளும் இல்ல.

முன்னாடி முதல் வரிசை காலேஜ் எடுத்துருக்க வேண்டிய பையன் ரெண்டாவது வரிசைக்கு தள்ளப்படறான், அங்க இருக்க வேண்டியவன் மூணாவதுக்கு, கடைசில இருந்தவனுக்கு ஃபோனே வர்றதில்ல.

105ன்னு ஏதோ சொல்றாங்களே?

ஹவுஸ் கேஸ் தீர்ப்பு, ஹவுஸ்ங்கறது கேஸ் போட்ட பிளேயர் பேரு. 2025 ஜூன் 6ஆம் தேதி கிளாடியா வில்கன்னு ஃபெடரல் ஜட்ஜ் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க. அதுப்படி காலேஜ் நேரடியா பசங்களுக்கு பணம் தரலாம், முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு எல்லா ஆட்டத்துக்கும் சேத்து சுமார் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போச்சு, அதுக்கு பதிலா ஃபுட்பால் டீம்ல மொத்தமே 105 பேர்தான். முன்னாடி வாக்கான் பசங்களை சேத்து 120 தாண்டி வெச்சுருந்த டீம் நெறைய. அந்த மிச்சம் எல்லாம் வெளிய.

கொடுமை என்னன்னா தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே, 2025 ஜனவரி பிப்ரவரிலயே, பல காலேஜ் ஆளைக் கழிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுல ஹைஸ்கூல் கடைசி வருஷ பசங்களும் அடக்கம். ஜட்ஜ் அம்மா அதைக் கவனிச்சு, இவங்களுக்கு வழி சொல்லாம ஒப்புதல் தர மாட்டேன்னு நின்னாங்க. அப்புறம் அந்த பசங்க பேரை ஒரு லிஸ்ட்ல போட்டு, அவங்க 105 கணக்குல வர மாட்டாங்கன்னு விதி வந்துச்சு. ஆனா திரும்ப எடுத்துக்கணும்னு காலேஜுக்கு கட்டாயம் இல்ல.

பணம் விஷயம் சொல்லுங்க. லட்சம் லட்சமா வருதாமே?

ரொம்ப சில பேருக்கு வருது. 2021 ஜூலை 1லேர்ந்து என்.ஐ.எல்., அதாவது பையன் தன் பேரையும் படத்தையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். அந்த ஆகஸ்ட்லயே நம்ம டல்லாஸ் பக்கத்து சவுத்லேக் பையன் க்வின் யூவர்ஸ், டெக்சாஸ் ஹைஸ்கூல்ல இருந்தா பணம் வாங்க முடியாதுன்னு பன்னெண்டாவதையே தாண்டி ஒஹாயோ ஸ்டேட் போயிட்டான். இப்பவும் டெக்சாஸ்ல ஸ்கூல்ல ஆடறப்ப வாங்க முடியாது, 17 வயசு ஆனவன் காலேஜோட ஒப்பந்தம் போட்டுக்கலாம், காசு காலேஜ் சேந்த அப்புறம்தான். கலிஃபோர்னியால ஸ்கூல்லயே வாங்கலாம். ஒரே நாடு, ஒரே ஆட்டம், வேலி தாண்டினா வேற சட்டம்.

ஜேடன் ரஷாடா கதையை எல்லா அப்பாவும் படிக்கணும். கலிஃபோர்னியா குவார்ட்டர்பேக், மயாமிக்கு கமிட் பண்ணிருந்தான், 2022 நவம்பர்ல ஃப்ளோரிடாவுக்கு மாறினான். ஃப்ளோரிடா ரசிகர் பணக்காரங்க நடத்தின ஒரு கலெக்டிவ் 13.85 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டுச்சு. டிசம்பர்லயே அதை ரத்து பண்ணிட்டாங்க. பையன் காலேஜுக்கு கையெழுத்து போட்டது அதே மாசம். ஜனவரில விடுவிக்கச் சொல்லி கேட்டு வெளிய வந்து அரிசோனா ஸ்டேட் போனான், அப்புறம் ஜார்ஜியா, அப்புறம் சாக்ரமெண்டோ ஸ்டேட். 2024 மே மாசம் ஃப்ளோரிடா கோச் உட்பட சில பேர் மேல கேஸும் போட்டான். 13.85 மில்லியனுக்கு எழுதின ஒப்பந்தமே ஒரு மாசத்துல காத்துல போனா நமக்கு சொல்ற அஞ்சாயிரம் டாலர் எம்மாத்திரம்.

"ஏஜெண்ட் வெச்சுக்கணுமா"ன்னு கேக்கறீங்க. என்.எஃப்.எல். ஏஜெண்ட் மூணு சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது. இந்த காலேஜ் பக்கம் ஏஜெண்ட்டுக்கு அப்படி ஒரே வரம்பு இல்ல, கையெழுத்துக்கு முன்னாடி சதவீதம் என்ன, எத்தனை வருஷம்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, முன்னூறு டாலர் செலவுக்கு பாக்காதீங்க.

ஸ்டார் ரேட்டிங், கேம்ப் எல்லாம் தேவையா?

ரேட்டிங் வெப்சைட் எல்லாம் ஒரு வருஷத்துக்கு முப்பத்து சொச்சம் பேருக்குத்தான் அஞ்சு ஸ்டார் போடும். ஸ்டார் இல்லன்னா ஆட்டம் முடிஞ்சுதுன்னு இல்ல, ஜாஷ் ஆலன்னு ஒருத்தன், ஃபயர்பான்னு ஒரு கலிஃபோர்னியா ஊர்ல விவசாயி வீட்டுப் பையன், ஹைஸ்கூல் முடிச்சப்ப டிவிஷன் 1 ஆஃபர் ஒண்ணு கூட இல்ல, ஜூனியர் காலேஜ்ல ஆடிட்டு கோச்சுங்களுக்கு மெயில் மேல மெயில் போட்டு வயோமிங் போனான், 2024 சீசன்ல என்.எஃப்.எல்.லோட எம்.வி.பி., அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கிட்டான். ஆனா ஒரு ஆலனைக் காட்டி பத்தாயிரம் அப்பாகிட்ட கேம்ப் டிக்கெட் விக்கறாங்க, அதையும் பாத்துக்கணும்.

என் பையன் லாங் ஸ்னாப்பர். குனிஞ்சு நின்னு ரெண்டு காலுக்கு நடுவுல பந்தை பின்னாடி 15 கெஜம் தள்ளி நிக்கற பண்டர், அதாவது பந்தை உதைக்கறவன், கைக்கு எறியணும், முக்கால் செகண்டுக்குள்ள போகணும். ஒழுங்கா எறிஞ்சா ஒருத்தருக்கும் உன் பேர் தெரியாது, ஒரு தடவை தப்பினா ஸ்டேடியமே திரும்பிப் பாக்கும். எங்க வீட்டுக்காரர் வாரத்துல நாலு நாள் வெளியூர், அதனால பேக்யார்டுல பந்தைப் புடிச்சது நான்தான். முதல் வாரமே கட்டைவிரல் வீங்கிடுச்சு. அப்புறம் என் தம்பி திருவல்லிக்கேணிலேர்ந்து கொண்டு வந்த விக்கெட் கீப்பிங் கிளவுஸைப் போட்டுக்கிட்டு ரெண்டு வருஷம் புடிச்சேன், பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்து "வாட் இஸ் தட்"ன்னு கேட்டார். கேம்புக்கு மட்டும் ஃப்ளைட், ஹோட்டல், ஃபீஸ்னு எவ்ளோ ஆச்சுன்னு எழுதினா வீட்டுக்காரர் படிச்சுடுவார். அதுல உருப்படியா ரெண்டு இருக்கும், காலேஜ் கோச் நெறைய பேர் நேர்ல வந்தது. மத்ததெல்லாம் டி-ஷர்ட்.

காசு இல்லாத வீட்டு பசங்க என்ன பண்ணுவாங்க?

அதான் பெரிய கேள்வி, நம்மாளுங்க யாரும் கேக்கறதே இல்ல, நானே சேத்துக்கிட்டேன். நாமளாச்சும் கிரெடிட் கார்டை தேச்சுட்டு போயிடுவோம். அஃபிஷியல் விசிட்னா காலேஜ் செலவு, ஆனா அதுக்கு கூப்பிடறதுக்கு முன்னாடி சொந்தக் காசுல நாலு தடவை போய் முகம் காட்டணும். 2016ல சாட்டிலைட் கேம்ப்னு, பெரிய காலேஜ் கோச்சுங்க தூர ஊர் ஹைஸ்கூலுக்கே வந்து கேம்ப் நடத்தினாங்க, சின்ன காலேஜ் கோச்சுங்களும் கூட வருவாங்க, கொறஞ்ச காசுல ஒரே மத்தியானத்துல இருபது காலேஜ் கண்ணுல பட்டுடலாம். தெற்குப் பக்க காலேஜுங்களுக்கு தன் கொல்லைல அடுத்தவன் வந்து மேயறான்னு கோவம். ஏப்ரல்ல என்.சி.ஏ.ஏ. கவுன்சில் தடை போட்டுச்சு, ஊரெல்லாம் திட்டினதும் அதே மாசத்துல போர்டு அந்த தடையை எடுத்துச்சு. தடை ஓட்டு போட்ட ரூம்ல ஒரு பையனும் இல்லன்றது மட்டும் எனக்கு மறக்கல.

ஸ்கூல் கோச்சை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். கொறஞ்ச சம்பளத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு கேம் டேப் வெட்டி காலேஜுக்கு அனுப்பறவங்க அவங்கதான். ஆனா மெம்ஃபிஸ்ல ஒரு ஹைஸ்கூல் கோச், தன் டீம்ல இருந்த பெரிய பிளேயரை அலபாமாவுக்கு அனுப்ப ஒரு பணக்கார ரசிகர்கிட்ட ஒன்றரை லட்சம் டாலர் வாங்கினது கோர்ட் வரைக்கும் போய், 2005ல அந்த ரசிகர் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. அதனால பையனுக்கு வர்ற ஃபோன், மெயில் எல்லாம் உங்க கைக்கும் வரணும், யாரோ ஒருத்தர் வழியா மட்டும் வரக் கூடாது.

படிப்பு?

ஆஹா, எப்படா வரும்னு பாத்தேன். 16 கோர் கோர்ஸ், அதுல 10 பன்னெண்டாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும், டிவிஷன் 1க்கு கோர் ஜி.பி.ஏ. 2.3. எஸ்.ஏ.டி. கட்டாயம் 2023லயே போச்சு. நம்ம வீடுகள்ல 2.3 வந்தா ஃபுட்பாலே இருக்காது, அதனால இது கவலை இல்ல. ஆனா ஒன்பதாவதுலயே கோர்ஸ் லிஸ்ட்டை கவுன்சலரோட சரி பாருங்க, கோர்ல சேராத கிளாஸை எடுத்துட்டு கடைசில முழிக்கற பசங்க உண்டு, அது அவங்க தப்பு இல்ல, யாரும் சொல்லலை.

ஐவி லீக்லயும் டிவிஷன் 3லயும் ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் பாத்து தருவாங்க. ஆட்டத்தை விட்டாலும் அந்த காசு போகாது, இந்த ஒரு விஷயத்துல அவங்கதான் நேர்மையான ஆளுங்கன்னு நான் சொல்லுவேன்.

உங்க பையன் என்ன ஆனான்?

2024 கோடைல ஒரு பெரிய காலேஜ், பேர் வேணாம், ப்ரிஃபர்ட் வாக்கான் இடம் தர்றோம்னு சொல்லுச்சு. பையன் சரின்னான். அப்ப ரெண்டு சின்ன காலேஜ் அவனைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, "அம்மா, அவங்களை இழுத்தடிக்கறது நியாயம் இல்லல்ல"ன்னான். நானும் ஆமா கண்ணா, சொல்லிடுன்னேன். ரெண்டு பேருக்கும் ஃபோன் பண்ணி நன்றி சொல்லி வேணாம்னுட்டான். ஒருத்தர் ரொம்ப நல்ல மனுஷன், "யோசிச்சுக்கோ, இந்த 105 வருது"ன்னு கூட சொன்னார், நாங்க அவர் சொந்த லாபத்துக்கு சொல்றார்னு நெனச்சோம்.

2025 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் தோசைக்கு மாவு கரைச்சுட்டு இருந்தேன். ஃபோன் வந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டான். ஆஃபர் சொன்ன கோச் இல்ல, அவர் டிசம்பர்லயே வேற காலேஜ் போயிட்டாராம். பேசினது நாங்க பாத்தே இருக்காத ஒரு சின்ன வயசு ஆள், பாவம் அவருக்கும் கொரல் நடுங்குச்சு, "ரோஸ்டர் நம்பர்ஸ்" "ரோஸ்டர் நம்பர்ஸ்"னு நாலு தடவை சொன்னார். பையன் "யெஸ் சார், தேங்க்யூ சார்"னு சொல்லி வெச்சுட்டான். ஃபோன்ல பாத்தேன், ஒரு நிமிஷம் 52 செகண்ட்.

அந்த ரெண்டு சின்ன காலேஜுக்கும் திரும்ப ஃபோன் பண்ணான், இடம் முடிஞ்சுடுச்சு. நல்லவேளை படிப்புக்குன்னு தனியா போட்டு வெச்ச அப்ளிகேஷன்ல ஒரு டிவிஷன் 3 காலேஜ்ல எஞ்சினியரிங் கெடச்சுது, அந்த கோச்சுக்கு ஸ்னாப்பர் வேணும்னாரு. ஏப்ரல்ல டெபாசிட் கட்டினோம். ஜூன்ல பெரிய காலேஜ்லேர்ந்து ஒரு மெயில், அந்த லிஸ்ட்ல பையன் பேரை சேத்துருக்கோம்னு. அவன் படிச்சுட்டு ஃபோனை கவுத்து வெச்சுட்டு, "அம்மா, அந்த கிளவுஸ் எங்க, வெளிச்சம் போறதுக்குள்ள வா"ன்னான்.